பெட்டி எண்ணியவரின் மகனுக்கு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய்: "திறப்பு விழாவுக்கு வந்த எல்லாரும் வாழ்த்திட்டுப் போனாங்க, நீ மட்டும் ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்ட?" நான் வாயெடுப்பதற்குள் "சரி சரி, உனக்கு முட்டி வலியா இருக்கும்" என்று பதிலையும் நீயே சொல்லி, போனையும் வைத்துவிட்டாய். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய். காகிதத்திடம் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் உன் மனைவியிடம் கொடு. உன்னோடு கூட்டுச் சேர்ந்திருக்கிற அந்த இரண்டு நண்பர்களிடமும் கொடு. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை. நம் குடும்பத்து லட்சணம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும்.

திருமழிசையில் நீ பிடித்திருக்கிற ஷெட் நன்றாகத்தான் இருக்கிறது. பாஸ்டர் அளவாக ஜெபித்தார். கேசரியில் முந்திரி தாராளம். உன் மேஜைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏதோ பெரிய ஹோட்டலில், குளிர்ந்த காற்றில், சட்டையில் பெயர் குத்திக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து, வெற்றிகரமான தொழிலதிபர் ஆவது எப்படி என்று கேட்டுவிட்டு வந்ததற்குக் கொடுத்த காகிதம் அது. அந்த வகுப்பை எடுத்தவர் என்ன தொழில் செய்கிறார் என்று அப்போதே கேட்டேன். "வகுப்பு எடுக்கறார்" என்றாய். நல்ல தொழில். மழையில் நனையாது, துருப் பிடிக்காது, சரக்கு திரும்பி வராது. மூன்றாம் நாள் சாயங்காலத்தோடு உன் படிப்பு முடிந்துவிட்டது என்று அவர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நீயும் நம்பிவிட்டாய்.

அன்றைக்கு நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் புது மிஷினை முதல்முதலாக ஓட்டுவதற்காக எல்லாரும் சுற்றி நின்றிருந்தோம். இருபது வருஷமாகப் பிளாஸ்டிக் மிஷின் ஓட்டுகிற கஜேந்திரன், நீ வேலைக்கு எடுத்த ஆபரேட்டர், மிஷினில் உருக்கப் போடுகிற நைலான் குருணையில் ஒரு பிடியைக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சார், இது ஈரம் குடிச்சிகீது சார். மூட்டையப் பிரிச்சுப் போட்டு ரெண்டு நாளாவுது. ஓவன்ல காயவச்சிட்டுப் போட்டுக்கலாம். இல்லாட்டி பீசு மேல வெள்ளை வெள்ளையா கோடு உழும்." உன் முகம் சிவந்தது. விருந்தாளிகள் முன்னால் ஓர் ஆபரேட்டர் உனக்குச் சொல்லித்தருவதா? "யோவ், இங்க நீ இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது உன் அப்பா. கஜேந்திரன் குருணையை மூட்டையிலேயே திரும்பக் கொட்டிவிட்டுத் தள்ளி நின்றார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. உன் முதல் சரக்கு முழுக்க வெள்ளைக் கோட்டோடு திரும்பி வந்திருப்பதாக உன் மனைவி சொன்னாள். நீயோ மிஷின் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கேவலமாக இருந்தது. இந்தக் குரலை நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை உன் அப்பாவின் வாயிலிருந்து. இன்னொரு தடவை என் வாயிலிருந்து. இரண்டையும் நீ முழுசாகத் தெரிந்துகொண்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரியா நடந்துகொண்டோம்?

உன் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் ஸ்டோர் குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் இருந்தது, பென்ஷன் வந்திருக்கும், மரியாதை இருந்தது. ஸ்டோருக்கு வந்து இறங்குகிற அட்டைப்பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. எண்ணி எண்ணி, பெட்டி செய்வதும் தனக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். கல்யாணப் பந்தியில் இலை எண்ணுகிறவன் தனக்குச் சமையலும் வரும் என்று நினைத்துக்கொள்வது மாதிரி. நாற்பது வயதில் வேலையை விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருநின்றவூரில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கமாக ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் பிடித்து, பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, நான்கு பெண்களை வேலைக்கு வைத்து, வாசல் பலகையில் 'புரொப்ரைட்டர்' என்று தன் பெயரை எழுதினார். பெட்டி வருவதற்கு முன்னால் பலகை வந்துவிட்டது. நம் குடும்பத்தில் எப்போதும் அப்படித்தான்.

அட்டைப்பெட்டியில் இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை நெளி என்பார்கள். நாங்களும் நெளி போட்டோம், பசை தடவினோம், வெட்டினோம், கம்பி அடித்தோம், பார்க்கப் பெட்டி மாதிரியேதான் இருந்தது. எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனிக்கு எங்கள் முதல் பெரிய லோடு போனது. ஐப்பசி மழை. அடுக்கி வைத்த மூன்றாம் நாள் கீழ் வரிசைப் பெட்டிகள் எல்லாம் இடுப்பொடிந்து தவளை மாதிரி உட்கார்ந்துவிட்டன. கம்பெனியில் இருந்து ஆள் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். கெட்ட செய்தி கேட்கப் போகும்போது மட்டும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் உன் அப்பாவுக்கு உண்டு.

அந்த ஸ்டோர் இன்சார்ஜ் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேனாம்பேட்டுல முனுசாமின்னு ஒருத்தர் இதே பெட்டிதான் போடறார். இந்த மழையிலயும் அவர் பெட்டி நிக்குது. ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வாங்களேன். அவர் ஒண்ணும் ஒளிச்சு வைக்கிற ஆளு இல்ல" என்றார். உன் அப்பா எழுந்து நின்றார். "பதினாலு வருஷம் பெட்டியோட புழங்கினவன் நான். ரிக்‌ஷா மிதிச்சவன்கிட்டப் போய் நான் பாடம் படிக்கணுமாக்கும்?" என்றார். முனுசாமி ஒரு காலத்தில் பாடிப் பக்கம் ரிக்‌ஷா ஓட்டியவர்தான். அதை உன் அப்பா எங்கே விசாரித்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் பெட்டி ஏன் நிற்கிறது என்று விசாரிக்கவில்லை. அவர் என்னவாக இருந்தார் என்று விசாரித்திருக்கிறார். திரும்பி வரும்போது வழியெல்லாம் மழையைத் திட்டினார், பேப்பர் கடைக்காரரைத் திட்டினார், ஏரிக் காற்றைத் திட்டினார்.

அடுத்த வாரம் நான் ஒரு பொய் சொன்னேன். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு மாதம் தினமும் வேலை இருக்கிறது என்றேன். ஆண்டவர் பெயரில் சொன்ன பொய். அதற்கான கணக்கை அவரிடம் நானே தீர்த்துக்கொள்கிறேன். காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ரயிலேறி அம்பத்தூரில் இறங்கி, மேனாம்பேடு வரை நடந்து, முனுசாமியின் பட்டறையில் பசை ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் கேட்டார்கள். என் அம்மாவின் பெயரைச் சொன்னேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சமையலறை டப்பாவில் போட்டுவிட்டு, பழைய நூல் புடவையில் போனேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, என் மேல் புளித்த மாவு வாசனை வருகிறது என்று நீ தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாய். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே உனக்கு அந்த மூக்கு இருந்தது.

என்னை ஒரு மேஜையில் நிறுத்தினார்கள். எதிரில் கஸ்தூரி. அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். அந்தப் பட்டறையின் பாதி மூளை அவள்தான். என் பசையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, கஞ்சியா? நோவாளிக்கு ஊத்தலாம், அட்டைக்கு ஆவாது" என்றாள். ஒட்டிய அட்டையை இரண்டு நாள் கல் ஏற்றிக் காயவைத்த பிறகுதான் அங்கே வெட்டினார்கள். நாங்கள் மறுநாளே ஈரத்தோடு வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அதைவிடப் பெரிய விஷயத்தை ஒரு மத்தியானம் அவளாகவே காட்டினாள். ஒரே அளவில் இரண்டு அட்டைத் துண்டு வெட்டி, ஒன்றை நெளி மேலும் கீழுமாக ஓடும்படி நிறுத்தினாள், இன்னொன்றை நெளி படுக்கையாக ஓடும்படி நிறுத்தினாள். "ரெண்டையும் உள்ளங்கையால அமுத்து. உன் கை சொல்லும், நான் இன்னாத்துக்கு சொல்லணும்?" என்றாள். அமுக்கினேன். முதல் துண்டு தூண் மாதிரி என் கையைத் தாங்கியது. இரண்டாவது, வைத்த உடனே மடங்கியது. உன் அப்பா பேப்பர் மிச்சம் பிடிக்கிறேன் என்று எங்கள் பெட்டி எல்லாவற்றையும் இரண்டாவது மாதிரி வெட்டச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிஷப் பாடம். அதைக் கேட்க மாட்டேன் என்றுதான் அந்த மனிதர் எழுந்து நின்றார்.

நான் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றதைப் பார்த்துவிட்டு கஸ்தூரி சிரித்தாள். "நீ கூலிக்கு வந்தவ இல்ல. கூலிக்கு வந்தவ மணியப் பாப்பா. நீ மிஷினப் பாக்குற" என்றாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது முனுசாமி வந்தார். பெருத்த உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி, காதில் பென்சில். என் எதிரில் குந்திக்கொண்டு, "அயனம்பாக்கத்து ஷெட்டுக்காரரு சம்சாரம்தானே நீ?" என்றார்.

சோற்றுக்கையோடு எழுந்து நின்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"குந்தும்மா, துன்னு. முதல் நாளே தெரியும். பம்பு கம்பெனியில ஊட்டுக்காரரோட உன்னப் பாத்தவன் நானு. பசை ஒட்ட வர்றவ செருப்பப் பாலிஷ் போட்டுகினு வருவாளா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் பாத்துக்கினியா?"

"பாத்துட்டேங்க."

"என்னாத்தப் பாத்துட்ட? இந்த மிஷின் அடுத்த மாசம் இங்க இருக்காது. வேற ஒண்ணு வருது. அதுல பசையும் வேற, பதமும் வேற. நீ இத்த எத்துகினு போய் உன் ஷெட்டுல செய்யறப்போ, நான் அத்தத் தூக்கிக் கடாசிட்டு வேற செஞ்சிகினு இருப்பேன். அப்ப இன்னா பண்ணுவ? மறுபடியும் சீலையக் கிழிச்சுக் கட்டிகினு வருவியா?" என்றார்.

அவர் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். "வரணும். வெக்கப்படாம வரணும். நான் இப்ப கூட மாசத்துக்கு ஒருவாட்டி வண்டலூர்ல ஒருத்தங்கிட்டப் போய் நிக்கிறேன். அவன் என்னைவிட சின்னவன், வாய் முழுக்கக் கெட்ட வார்த்தை. திட்டுவான், சொல்லித் தருவான். உன் ஊட்டுக்காரருக்கு அந்தத் திட்டு வாங்கத் திராணி இல்ல. அதான் பெட்டி குந்திக்குது" என்று சொல்லிவிட்டு, "கஸ்தூரி, புது மிஷின் வந்ததும் இந்தம்மாவுக்கும் காட்டு" என்று போய்விட்டார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே தொழில் பயிற்சி அதுதான். சான்றிதழ் தரவில்லை.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நம் ஷெட்டுக்குப் போய், ஓர் அட்டையை நெளி நிற்கும்படித் திருப்பிப் போட்டு வெட்டி, கம்பி அடித்து, கவிழ்த்து வைத்து, உன் அப்பா முன்னால் அதன் மேல் ஏறி நின்றேன். அது தாங்கியது. உன் அப்பா என் கையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார். "எங்கட்டி போயிருந்த இத்தன நாளா?" என்றார். சொன்னேன். கோபத்தில் அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: "நெளிய நிமித்திப் போடணும்னு நானும் ரெண்டு நாளா நெனச்சிட்டுத்தான் இருந்தேன், கேட்டியா?" மகனே, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவரை மன்னிக்கப் பல வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் பட்ஜெட் வாசிக்கிற மந்திரிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு பட்டறையை நான் நடத்தினேன், கடிதங்களில் அவர் கையெழுத்துப் போட்டார். கஸ்தூரியை முனுசாமியிடம் கேட்டு அழைத்துவந்தேன். மேனாம்பேட்டைவிட நம் ஷெட் அவள் வீட்டுக்குக் கிட்டம் என்பதால் அவரும் தடுக்கவில்லை. பம்பு கம்பெனி திரும்பி வந்தது. இன்னும் ஐந்தாறு கம்பெனிகள் வந்தன. நீ இன்ஜினியரிங் சேர்ந்ததும், நாம் சொந்த வீட்டுக்கு மாறியதும் அந்தப் பெட்டிகளால்தான். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கூட்டத்தில் இந்த இடத்தோடுதான் கதையை நிறுத்துவேன். கைதட்டு கிடைக்கிற இடம் இது. எஸ்டேட் ஆண்டு விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள், விடாமுயற்சி பற்றிப் பேசினேன், சால்வை போர்த்தினார்கள். சால்வை விழுந்த தோளோடு கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டேன். முனுசாமியின் புது மிஷினைக்கூட ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்தேன். பெட்டிக்கார அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எஸ்டேட்டில் சொன்னார்கள். சொன்னவர்களில் சத்தமாகச் சொன்னது நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனிகள் மாற ஆரம்பித்தன. வெளிநாட்டோடு கூட்டுச் சேர்ந்தார்கள். பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள், எவ்வளவு அழுத்தத்தில் அட்டை கிழிகிறது என்று மிஷினில் சோதித்துச் சீட்டு கொடுக்கச் சொன்னார்கள். பூந்தமல்லி சாலையில் நமக்குப் பெரிய ஆர்டர் கொடுத்துவந்த கம்பெனியும் கேட்டது. "பேப்பர் புலிகள்" என்று நான் கிண்டல் செய்தேன். ஒரு நாள் கஸ்தூரி வந்தாள். "அம்மா, இப்ப வர்ற பேப்பரு முன்ன மாதிரி இல்ல. பழைய பேப்பர அரைச்சுப் போட்டுக் குடுக்கறான், வலுவு இல்ல. அந்த டெஸ்ட் மிஷின் ஒண்ணு வாங்கிப் போடலாம். முனுசாமி அண்ணாத்த வாங்கிட்டாரு. நான் போய்க் கத்துகினு வரேன்" என்றாள். ஒன்பது பெண்கள் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு. உனக்கு டெஸ்டிங் மிஷினா?"

யாரும் சிரிக்கவில்லை. உன் திறப்பு விழாவில் சிரித்தவர்களைவிட அந்தப் பெண்கள் மேல். கஸ்தூரி என்னைப் பார்த்துக்கொண்டே கையில் இருந்த பசையைத் துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. "உனக்கு நெளி காட்டுனதும் இந்தக் கைநாட்டுதாம்மா" என்றாள். போய்விட்டாள். போகட்டும், திரும்பி வருவாள் என்றிருந்தேன். மூன்று மாதத்தில் பூந்தமல்லி சாலைக் கம்பெனி ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பியது. காகிதத்தில் வலு இல்லை. நான் மழையைத் திட்டினேன், பேப்பர் கடைக்காரரைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே, இதே வார்த்தைகளை இதே வரிசையில் முன்பு எங்கே கேட்டேன் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் போய் அவளைக் கூப்பிடவில்லை. அது என் தப்பு, பெரிய தப்பு. அந்தக் கம்பெனி போனது, அதைப் பார்த்து இன்னும் இரண்டு போயின. ஒன்பது பெண்கள் ஐந்தாகி, இப்போது மூன்று. தொழில் மந்தம் என்று உன்னிடம் சொல்லிவைத்தேன். நீயும் நாட்டின் பொருளாதாரம் பற்றி அரை மணி நேரம் விளக்கினாய். நானும் தலையாட்டினேன். மந்தம் தொழிலில் இல்லை, மகனே. என் மண்டையில் இருந்தது.

அதனால் உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பாய். சரிதான். யோக்கியதை உள்ளவர்கள் ஹோட்டலில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கே போ. நான் சொல்வது, பட்டுக் கெட்டவள் சொல்வது. நம் இரத்தத்தில் இளக்காரம் ஓடுகிறது. உன் அப்பா ரிக்‌ஷாக்காரரை இளக்காரமாகப் பார்த்தார், நான் கைநாட்டை, நீ ஆபரேட்டரை. இந்தக் கடிதம் முழுக்கவே இளக்காரம்தான், என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை. குணம் போகாது. திசையையாவது மாற்றிக்கொள். நேற்று உனக்குத் தெரிந்ததை இளக்காரமாகப் பார். இன்ஜினியரிங் பட்டம் வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று, அதில் நைலான் பற்றி எத்தனை பக்கம் படித்தாய் என்று உன்னையே கேட்டுச் சிரி. உன் ஷெட்டில் யார் உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறாரோ, அவரை அன்றைக்கு மட்டும் குறுக்கே பேசாமல் கேள். தப்பாகச் சொன்னால் உனக்கு நஷ்டம் ஐந்து நிமிஷம். சரியாகச் சொல்லியிருந்தால், அந்த ஐந்து நிமிஷத்தை வேறு எங்கேயும் வாங்க முடியாது.

கஜேந்திரன் வீட்டுக்கு செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். ஆவடியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். உன் அம்மா என்று சொன்னதும் அவர் மனைவி நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். அவர் மண்ணூர்பேட்டையில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். திரும்பி வரமாட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "சின்ன வயசும்மா, நாலு சரக்கு திரும்பினா தானா தெரிஞ்சிக்கும்" என்றார். இதைவிடக் கேவலமாக உன்னை யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு ஞாயிறு விடுமுறை. நீ போ. வேலைக்குத் திரும்பக் கூப்பிடப் போகாதே, அந்த வாய்ப்பு போய்விட்டது. குருணையைக் கையில் தேய்த்தால் ஈரம் எப்படித் தெரிகிறது என்று கேட்கப் போ. அதை எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நீ போவாயா என்று எனக்குத் தெரியாது. நான் போனேன். நேற்று. கஸ்தூரி இப்போது குத்தம்பாக்கத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறாள், பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வாசலிலேயே என்னை அரை மணி நேரம் நிற்கவைத்தாள். வேலையாக இருந்தாளோ, வேண்டுமென்றே செய்தாளோ தெரியாது. வேண்டுமென்றே என்றால் அது நியாயம். தலை நரைத்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறாள். வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?"

"அந்த டெஸ்ட் மிஷின்ல எப்படிப் பாக்கறதுன்னு சொல்லித் தா கஸ்தூரி."

"மன்னிப்புக் கேக்க வந்தியா, கத்துக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

அவள் என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த இளக்காரத்தை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. "மன்னிப்பெல்லாம் சாப்பாட்டு வேளையில கேட்டுக்கலாம். இப்ப மிஷின் சும்மா கீது, வா" என்று உள்ளே நடந்தாள்.

அழுத்தம் காட்டுகிற முள் எங்கே நிற்கிறது என்று படிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று தடவை தப்பாகப் படித்தேன், மூன்று தடவையும் அவள் ஆட்களுக்கு முன்னால் திட்டினாள். இன்னும் நிறைய இருக்கிறதாம், ஒரு நாளில் ஆகாதாம். வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறாள். திங்களும் வியாழனும் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அந்த நாட்களில் போன் செய்யாதே.

உன்
அம்மா